ஸ்கிரீனில் 30 என்று காட்டுவதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

எடை மேடை, தோட்ட வாசல், லாரி யார்டு என்று எங்காவது ஆர்எஃப்ஐடி ரீடர் (வண்டியில் ஒட்டிய டேக் என்னும் சின்னச் சில்லை ரேடியோ அலையால் தூரத்திலிருந்தே படிக்கும் கருவி) பொருத்த நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நம் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கும் ஊரில், செம்பனைக் குலை வாங்கி மில்லுக்கு அனுப்பும் தொழில் எங்களுக்கு. லாரி எடை மேடைக்கு வரும்போதே அதன் எண் கணினியில் விழ வேண்டும் என்று வெளியூர் ஆள் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம். ஐந்து மீட்டரில் படிக்கும் என்றார். லாரி மூக்கை ஆண்டெனாவில் இடிக்காத குறையாகக் கொண்டு போனால்தான் படித்தது. மழை பெய்தால் அதுவும் இல்லை.

கூப்பிட்டுக் கேட்டால், "டேக் மட்டம்ணே, வேற போடணும்" என்றார். டேக் மாற்றினோம், காசும் கொடுத்தோம். ஒன்றும் மாறவில்லை. அடுத்து லேப்டாப்பைத் திறந்து காட்டினார்: "பாருங்க, பவர் 30, ஃபுல்லு. இதுக்கு மேல வேணும்னா பூஸ்டர்தான்."

அந்த 30 டிபிஎம் (ரேடியோ சக்தியை அளக்கும் அலகு) என்பது ரீடரின் வாயில் கிளம்பும் அளவு, 1 வாட். ஆண்டெனாவுக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று அந்த ஸ்கிரீனுக்குத் தெரியாது. தொலைத்தொடர்பு வேலையில் இருக்கும் என் மச்சான் ஒரு பவர் மீட்டர் கொண்டுவந்தான். மீட்டர் கருகாமலிருக்க நடுவில் சக்தியைக் குறைத்து அனுப்பும் 30 டெசிபல் அட்டென்யூவேட்டர் போட்டு, அந்தக் குறைவைக் கணக்கில் சேர்த்து, ரீடரை ஒரே அலைவரிசையில் விடாமல் அனுப்ப வைத்து அளந்தான். ரீடர் வாயில் 30 சரியாக இருந்தது. கேபிளின் மறுமுனையில் 22. மூன்று டெசிபல் குறைந்தாலே சக்தி பாதியாகிவிடும்; இங்கே எட்டு. 1 வாட் புறப்பட்டு, 0.16 வாட் போய்ச் சேர்ந்திருக்கிறது. டேக்கில் பேட்டரி கிடையாது, ரீடர் அனுப்பும் சக்தியில்தான் அது விழித்துப் பேசும். எட்டு டெசிபல் போனால் படிக்கும் தூரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

பைப்புக்குள்ளிருந்து கேபிளை உருவினோம். பில்லில் 'லோ லாஸ் கேபிள்' என்று எழுதி அதற்கான விலையும் வாங்கியிருந்தார். உள்ளே ஓடியது பென்சில் தடிமன்கூட இல்லாத ஆர்ஜி-58, உறையிலேயே அச்சடித்திருக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸில் இது மீட்டருக்கு ஏறத்தாழ அரை டெசிபல் தின்னும். எங்களுக்கு ஓடியது 15 மீட்டர், கணக்கு அங்கேயே முடிந்தது. சுண்டுவிரல் தடிமனுள்ள எல்எம்ஆர்-400 போட்டிருந்தால் அதே தூரத்துக்கு 2 டெசிபல்தான் போகும். வெளியே இருந்த கனெக்டரைச் சாதாரண டேப் சுற்றி விட்டிருந்தார். தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. மழை ரகசியம் அதுதான்.

பூஸ்டர் பேச்சுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். இந்த ரீடர் ஒரே கம்பியில் அனுப்பி, அதே கம்பியில் டேக்கின் பதிலையும் வாங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் தள்ளும் பூஸ்டரை நடுவில் வைத்தால் திரும்பி வரும் பதில் அடைபடும். சட்டமும் உண்டு: மலேசியாவில் இதற்கு 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ் வரைதான், ஆண்டெனாவின் பெருக்கமும் சேர்த்து 2 வாட் ஈஆர்பி (ஆண்டெனாவிலிருந்து வெளியேறும் சக்தியின் கணக்கு) வரைதான். தாண்டினால் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம், அவரில்லை. ரீடரின் நாட்டு அமைப்பையும் பாருங்கள். ஐரோப்பாவுக்கென்று 865–868இல் விட்டுப் போனால், நம் பக்கத்து ஆண்டெனா அதில் ஒழுங்காக வேலை செய்யாது, சட்டத்துக்கும் ஒத்துவராது. ஆணைய முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பெட்டியிலேயே பார்த்துவிடலாம்.

ஆர்டர் தாளில் கேபிளின் ரகத்தையும் நீளத்தையும் எழுதி வாங்குங்கள். ஆண்டெனா முனையில் எத்தனை டிபிஎம் என்று உங்கள் கண்முன் அளந்து காட்டிய பிறகு மீதிப் பணம். மீட்டர் இல்லை என்பவர் டேக்கைக் குறை சொல்ல ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அளப்பதற்கோ பார்ப்பதற்கோ ரீடர் அனுப்பிக்கொண்டிருக்கும்போது நீங்களாகக் கேபிளைக் கழற்ற வேண்டாம். போன சக்தி திரும்பி வந்து ரீடரையே அடிக்கக்கூடும்.

எங்களுக்கு இப்போது தடித்த கேபிள் போட்டாயிற்று, அவர் மட்டம் என்று சொன்ன அதே பழைய டேக்கை லாரி மேடை ஏறுமுன்பே படிக்கிறது. கேபிள் காசைத் திருப்பிக் கேட்டேன், அந்த ஆள் போனை எடுப்பதில்லை. தொழிலுக்கு வாங்கியது என்பதால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போக முடியாது. உருவிய கேபிள், பில், மீட்டர் படம் மூன்றையும் வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன்.