புதிதாக வருபவருக்கு வழிகாட்டுவது எது: உலாவா, மெனுவா, தேடல் பெட்டியா?

வேலூர் வட்டாரத்துக்கென ஒரு தகவல் தளம் அமைப்பவர்கள், முதன்முறை வருபவர் தடுமாறாமலிருக்க மூன்று ஏற்பாடுகளில் ஒன்றையே பெரும்பாலும் நம்புகிறார்கள்: பக்கம் திறந்ததும் குமிழ் குமிழாகத் தோன்றி ஒவ்வொரு பகுதியையும் அறிமுகப்படுத்தும் உலா, தலைப்புகளை வகைப்படுத்திய மெனு, தேடல் பெட்டி.

இவற்றில் உலா பார்வைக்கு மிடுக்கானது, பயனில் கடைசியானது. வருமானச் சான்றிதழுக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று பார்க்க வந்தவர், முதல் குமிழிலேயே அதை மூடும் பொத்தானைத் தேடுவார். இணையப் பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1994இல் வெளியிட்ட, இடைமுக வடிவமைப்புக்கான பத்து நெறிகளுள் ஒன்று, பயனரை நினைவுகூர வைப்பதைவிடக் கண்ணெதிரே கண்டுகொள்ள வைப்பதே மேல் என்கிறது. உலாவோ எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மேலும், கூகுள் வழியாக நேரே உள்பக்கத்துக்கு வந்து சேர்பவர் முகப்பில் ஓடும் உலாவைப் பார்ப்பதே இல்லை.

அத்தகையவருக்கும் மெனு கைகொடுக்கும், அது எல்லாப் பக்கங்களிலும் இருப்பதால். ஆனால் தலைப்புகளை எந்த அடிப்படையில் பிரிப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. மாவட்டவாரியாகப் பிரிப்பது இயல்பாகத் தோன்றினாலும், மாவட்ட எல்லைகள் மாறுகின்றன: 1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போனது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானபோது அரக்கோணம் இராணிப்பேட்டையிலும் ஆம்பூர் திருப்பத்தூரிலும் சேர்ந்தன. பழைய முகவரியைக் கையில் வைத்திருக்கும் ஆம்பூர்க்காரர் வேலூரைச் சொடுக்கிவிட்டு, தம் ஊர் அங்கே இல்லாததால் தளத்திலேயே இல்லை என்று முடிவுகட்டக்கூடும். துறைவாரியான பிரிப்போ அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே விளங்கும். எனவே சான்றிதழ், நிலம், ரேஷன் அட்டை, பேருந்து என வந்த காரியத்தின் பெயரிலேயே தலைப்புகள் அமைய வேண்டும். ஒரே பக்கம் இரண்டு தலைப்புகளின்கீழ் இருந்தாலும் குற்றமில்லை. 'முகப்பு › நிலம் › பட்டா மாறுதல்' என்ற ஒற்றை வரி பக்கத்தின் மேலே இருந்தால், நடுவில் வந்து இறங்கியவருக்கும் தாம் நிற்கும் இடம் புரியும். கைபேசியில் இவ்வளவையும் மூன்று கோட்டுக் குறிக்குள் ஒளித்து வைப்பது, செய்த வேலையை நாமே கெடுத்துக்கொள்வதாகும். முக்கியமான நான்கு தலைப்புகளாவது வெளியே தெரிய வேண்டும்.

தேடல் பெட்டி, தேடுவதன் பெயர் தெரிந்தவருக்கு மெனுவைவிட விரைவானது. ஆயினும் தமிழில் அதைச் சரியாக இயக்குவது எளிதன்று. 'காட்பாடிக்கு', 'காட்பாடியிலிருந்து' என்று வேற்றுமையுருபோடு எழுதினால், சொல்லை முழுதாக மட்டும் ஒப்பிடும் தேடல் 'காட்பாடி' என்ற பக்கத்தைத் தவறவிட்டுவிடும். சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்கள் வேறு எழுத்தில் தட்டச்சிடுவார்கள் என்பது இன்னொரு பக்கம். 'வேலூர் ரயில் நிலையம்' என்று தேடுபவருக்குக் கன்டோன்மென்ட் நிலையத்தோடு காட்பாடி சந்திப்பையும் காட்டாத தேடல், அவரைத் தவறான நிலையத்துக்கே அனுப்பிவிடக்கூடும். ஒரு பெயரைத் தேடினால் அதன் மற்ற வடிவங்களும் தொடர்புள்ள பெயர்களும் கிடைக்கச் செய்யும் இந்த ஊர்ப்பெயர் இணைப்புகளை யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தாக வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் தளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும், வலை அணுகல்தன்மைக்கான 2008ஆம் ஆண்டின் 2.0 நெறிமுறைகள், இரண்டாம் நிலையான ஏ.ஏ. மட்டத்தில், ஒரு பக்கத்தைக் கண்டடைய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் வேண்டும் என்கின்றன. ஆகவே மெனுவும் தேடலும் சேர்ந்தே இருக்கட்டும். பணம் குறைவாக இருந்தால் மெனுவை முதலில் செம்மைப்படுத்தி, தேடலில் எதுவும் கிடைக்காதபோது வரும் வெற்றுப் பக்கத்தில் அதே தலைப்புகளை வரிசையாகக் காட்டலாம். உலாவுக்கென ஒதுக்கிய தொகையை ஊர்ப்பெயர் இணைப்புகளுக்குத் திருப்பிவிடலாம்.