வீட்டில் கட்டும் ஃப்ளோ பெஞ்ச்: 18,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

இன்ஜின் ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி) வழியாக எவ்வளவு காற்று போகிறது என்று உறிஞ்சி அளக்கும் பெட்டிதான் ஃப்ளோ பெஞ்ச். ரெடிமேடாக இறக்குமதி செய்தால் விலை லட்சத்தில்தான் ஆரம்பிக்கும். ஒற்றை சிலிண்டர் பைக் ஹெட்டுக்குப் போதுமான ஒன்றைச் சென்னையிலேயே பொருள் வாங்கிக் கட்ட ஏறக்குறைய 18,000 ரூபாய் ஆகும். காசுக்குத் தகுந்த பொருளா? ஆம், தாராளமாக. ஆனால் பாதிப் பேர் பட்ஜெட்டை மோட்டாரில் கொட்டிவிட்டு, அளவெடுக்கும் பக்கத்தில் கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். அப்படிக் கட்டிய பெஞ்ச் நன்றாகச் சத்தம் போடும், உறிஞ்சவும் செய்யும். அது காட்டும் எண்ணை மட்டும் நம்ப முடியாது.

செலவுக் கணக்கு இது. 18 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் ஒரு ஷீட் 4,500. 1,400 வாட் வேக்குவம் கிளீனர் மோட்டார் இரண்டு 3,000. பிவிசி பைப், பால் வால்வு, டியூப், சிலிகான், எபாக்ஸி எல்லாம் சேர்த்து 3,500. காற்றை அளக்க நடுவில் துளை போட்டு லேத்தில் கடையும் ஆரிஃபிஸ் தகடுகளுக்கு 1,500. வால்வு எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க மேக்னட் ஸ்டாண்டோடு டயல் கேஜ் 2,500. வயரிங், 16 ஆம்ப் சுவிட்ச், எம்.சி.பி. 1,500. ஹெட்டைப் பெட்டிமேல் உட்கார வைக்கும் சிலிண்டர் அடாப்டர் வகையில் 1,000. மொத்தம் 17,500, மீதி ஆட்டோ கூலிக்கும் மறந்துபோன ஸ்க்ரூவுக்கும் சரியாகப் போகும். கடைக்குக் கடை விலை முன்னே பின்னே இருக்கும்.

அடாப்டருக்குப் புதிதாகப் பைப் கடைய வேண்டாம். பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் அதே வண்டியின் தேய்ந்த சிலிண்டர் பிளாக் ஒன்றை எடையில் வாங்கினால் போதும். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அளவு சரியாக இருப்பது முக்கியம்: ஸ்ப்ளெண்டருக்கு 50 மி.மீ., யு.சி.இ. (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றான) புல்லட் 350க்கு 70 மி.மீ. வால்வுக்குப் பக்கத்துச் சுவர் காற்றை மறிக்கும். அகலமான பைப்பில் வைத்தால் அந்த மறிப்பு இல்லாமல் ரீடிங் பொய்யாக ஏறிவிடும்.

மோட்டார் வேகத்தைக் குறைக்க வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வாங்கச் சொல்வார்கள். அந்த ஆறாயிரம் வீண். மோட்டார் சேம்பரில் (பெட்டியில் மோட்டார் பக்கத்து அறை) 50 மி.மீ. பால் வால்வு ஒன்றைப் பொருத்தி, வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டே பிரஷரைச் சரிசெய்யலாம். வேக்குவம் மோட்டார்களில் பல, தாம் இழுக்கும் காற்றாலேயே குளிர்பவை. வால்வு லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் உயரம், 1 மி.மீ. இருக்கும்போது ஹெட் வழியாக வரும் காற்று மிகக் குறைவு. வெளிக்காற்று இல்லையென்றால் காயில் சூடேறிக் கருகும். இரண்டு மோட்டாரும் சேர்ந்து 12 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்ப் பிளக்கில் சொருகவே கூடாது.

இனி பெட்டி. காற்று ஹெட்டிலிருந்து முதல் அறைக்கு, அங்கிருந்து ஆரிஃபிஸ் வழியாக இரண்டாம் அறைக்கு, பிறகு மோட்டாருக்குப் போக வேண்டும். ஆரிஃபிஸை மோட்டாருக்குப் பின்னால் வைத்தால் மோட்டார் சூடாக்கிய காற்றை அளப்போம். பிளைவுட்டின் அறுத்த ஓரம் வழியாகக் காற்று கசியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒட்டும் முன்பே ஓரங்களுக்கு இரண்டு கோட் எபாக்ஸி அடியுங்கள். சிலிகான் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும்.

ஆரிஃபிஸ் தகட்டில்தான் பெஞ்சின் உயிர் இருக்கிறது. 3 மி.மீ. அலுமினியம் அல்லது பித்தளை, துளையின் முன்விளிம்பு கூராக, பின்பக்கம் 45 டிகிரி சரிவு. தகட்டைத் திருப்பி மாட்டினால் அதே காற்றுக்கு மானோமீட்டர் (தண்ணீர் ஏறும் உயரத்தால் அழுத்தத்தை அளக்கும் டியூப்) குறைவாகக் காட்டும். விளிம்பை எமரி பேப்பரில் தேய்த்து வழவழப்பாக்கினாலும் இதே கதிதான். லேத்காரரிடம் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பழக்கதோஷத்தில் பர் (வெட்டிய ஓரத்துப் பிசிறு) எடுத்து விளிம்பை மழுக்கிக் கொடுத்துவிடுவார். ஆரிஃபிஸின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் சாய்வு மானோமீட்டரின் முழு அளவை 6 இன்ச் தண்ணீராக வைத்தால், 20 மி.மீ. துளை சுமார் 20 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று), 30 மி.மீ. துளை 45, 40 மி.மீ. துளை 80 வரை அளக்கும். பைக் ஹெட்டுக்கு இந்த மூன்று தகடும் தாராளம்.

இந்த மானோமீட்டருக்கு 24 இன்ச் நீள டியூபை 6 இன்ச் உயரம் வருமாறு சாய்த்து, ஸ்பிரிட் லெவல் வைத்துப் பூட்டுங்கள். ஸ்கேலைச் சம இடைவெளியில் கோடு போடக் கூடாது: காற்றோட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கால்வாசி உயரத்தில் 50 சதவீதம், பாதி உயரத்தில் 71 சதவீதம் என்று வரும். கலர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டால் டியூபில் ஒட்டாமல் சீராக ஏறும்.

ஹெட்டுக்குக் கீழே முதல் அறையில் வைக்கும் டெஸ்ட் பிரஷருக்கு 28 இன்ச், அதாவது 711 மி.மீ. தண்ணீர் வேண்டும். அதை அளக்கும் இன்னொரு மானோமீட்டரை ஒரு மீட்டர் டியூபோடு நிறுத்தினால் ஆபத்து. ஹெட் மூடியிருக்கும்போது மோட்டார் இரண்டு மீட்டர் தண்ணீரைக்கூடத் தூக்கும். அந்தத் தண்ணீர் நேராக மோட்டாருக்குள் போகும். எப்போதும் பால் வால்வை முழுக்கத் திறந்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். டியூபுக்குப் பதிலாக ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பிரஷர் சென்சார் தேடுகிறவர்கள் எம்.பி.எக்ஸ்.வி. 7007ஐத் தவிருங்கள், அது 7 கிலோபாஸ்கலில் முடிகிறது, 28 இன்ச் என்பதே 6.97. எம்.பி.எக்ஸ். 5010 வாங்கினால் 10 வரை இடமிருக்கும்.

கட்டி முடித்ததும் ஹெட் உட்காரும் மேல்துளையை கிரீஸ் தடவிய கண்ணாடியால் மூடி 28 இன்ச்சுக்கு ஏற்றுங்கள். சாய்வு மானோமீட்டர் அசையவே கூடாது. அதற்குப் பிறகு ஹெட் இருக்கும் இடத்தில் 25 மி.மீ. கூர்விளிம்புத் துளைத் தகடு ஒன்றை வையுங்கள். 28 இன்ச்சில் 67 சி.எஃப்.எம். அளவில் வர வேண்டும். பத்துப் பதினைந்து கூடுதலாகக் காட்டினால் முதலில் லீக்கைத் தேடுங்கள். 10 இன்ச்சில் எடுத்த அளவை 28க்கு மாற்ற 1.67ஆல் பெருக்கலாம்.

ஹெட்டை ஏற்றும்போது ஸ்பார்க் பிளக் மாட்டியிருக்க வேண்டும், ஒரிஜினல் ஸ்பிரிங்கைக் கழற்றி மெல்லிய ஸ்பிரிங் போட வேண்டும், இன்டேக் வாயைச் சுற்றிக் களிமண்ணால் வளைவு பிடிக்க வேண்டும். லிஃப்ட் வால்வு விட்டத்தில் கால் பங்கைத் தாண்டிய பிறகு ரீடிங் பெரிதாக ஏறாது; போர்ட்டே (ஹெட்டுக்குள் காற்று போகும் வழி) அங்கு தடை.

இந்த விலையில் எக்ஸாஸ்டை ஊதி அளக்கும் வசதி கிடைக்காது. இன்னொருவர் பெஞ்சின் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது. அதே ஹெட்டின் போர்ட்டிங்குக்கு (போர்ட்டைக் குடைந்து சீராக்கும் வேலை) முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி காட்டும், அந்த வேலைக்கு முழு மதிப்பெண். சி.எஃப்.எம். ஏறியதே என்று போர்ட்டைக் குடைந்துகொண்டே போனால் காற்றின் வேகம் விழுந்து, அண்ணா சாலை டிராஃபிக்கில் வண்டி இழுக்காது. ஆர்.எக்ஸ். 100 மட்டும் வைத்திருப்பவர்கள் இந்தச் செலவுக்கே போக வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் போர்ட் டைமிங்கும் (போர்ட் திறந்து மூடும் நேரம்) எக்ஸ்பான்ஷன் சேம்பரும்தான் (சைலன்சரின் உப்பலான பகுதி) முதலில் பார்க்க வேண்டியவை.