ஐஃப்ரேமா, எக்ஸ்எச்ஆரா: பக்கம் மறுபடி ஏறாமல் பதில் வாங்கிய நாட்கள்

கோவையில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடைக்கு 2005-இல் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். சர்வர் தலைமைக் கடையில். திருப்பூர், பொள்ளாச்சி கிளைகளில் இருப்பவர்கள் பிரவுசரைத் திறந்து பில் போடுவார்கள். பொருள் எண்ணை அடித்ததும் பேட்ச், விலை, கையிருப்பு மூன்றும் அதே வரியில் வந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கம் முழுதாக மறுபடி ஏறினால், 20 வரி பில்லுக்கு 20 தடவை வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கவுண்டரில் ஆள் நிற்கும்போது அது நடக்கிற காரியமில்லை.

அந்த மென்பொருளில் மிச்சமிருந்த கடைசிப் பகுதியைச் சமீபத்தில் மாற்றி எழுதினோம். கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "ஃபெட்ச் இல்லாத காலத்துல இதையெல்லாம் எப்படிண்ணா செஞ்சீங்க?" என்று கேட்டார். பக்கத்தை மறுபடி ஏற்றாமல் சர்வரிடம் தரவு கேட்க இன்று பிரவுசரில் இருக்கும் வசதிதான் ஃபெட்ச். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நாங்கள் முதலில் மறைவான ஐஃப்ரேமில், அதாவது பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தை ஏற்றும் சட்டத்தில், எழுதினோம். ஒரு வருடத்துக்குள், ஸ்கிரிப்ட்டிலிருந்தே சர்வரிடம் கேட்டுப் பதில் வாங்கும் பிரவுசர் பொருளான எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்டுக்கு, சுருக்கமாக எக்ஸ்எச்ஆருக்கு, மாறிவிட்டோம். மாறியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மற்ற வழிகளை முதலில் வேகமாகப் பார்த்துவிடலாம். ஜாவா ஆப்லெட் (பக்கத்துக்குள் ஓடும் குட்டி ஜாவா நிரல்) வழி பழையது. மைக்ரோசாஃப்ட் 1998-இல் கொண்டுவந்த ரிமோட் ஸ்கிரிப்டிங், ஒரு சின்ன ஆப்லெட்டைப் பக்கத்துக்குள் வைத்து அதன் வழியாகச் சர்வரோடு பேசியது. கிளைக் கணினி ஒவ்வொன்றிலும் ஜாவா சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியாது. அதனால் அது கழிந்தது. பிரவுசரில் அசைபடம் ஓட்டிய ஃப்ளாஷிலும் அன்று சர்வரிடமிருந்து தரவு வாங்க முடிந்தது. ஒரே ஒரு சின்ன வேலைக்குத்தான் அதைத் தொட்டிருக்கிறேன். அதனால் அதைப் பற்றிய என் தீர்ப்புக்கு எடை குறைவு. படிவம் நிறைந்த திரைக்கு அது பொருந்தவில்லை என்பது மட்டும் தெரிந்தது. படத்தைக் கேட்பதுபோலக் கேட்டு, பதிலைக் குக்கீயில் (பிரவுசர் சேமித்து வைக்கும் சின்னக் குறிப்பில்) வாங்கும் வழியும் இருந்தது. ஒரு குக்கீயில் சுமார் 4 கிலோபைட்தான் அடங்கும். ஒரு எண்ணை மட்டும் கேட்டு வாங்கப் போதும், பேட்ச் பட்டியலுக்குப் போதாது.

ஸ்கிரிப்ட் டேக்கைப் பக்கத்தில் புதிதாகச் சேர்த்துப் பதிலை ஜாவாஸ்கிரிப்ட்டாகவே வாங்குவது இன்னொரு வழி. 2005 இறுதியில் அதற்கு ஜேசன்பி என்று பெயரே கிடைத்துவிட்டது. வேறு டொமைனில் இருக்கும் சர்வரோடு பேச அதுதான் அன்றைக்கு எளிய வழி. எங்களுக்கு அந்தத் தேவை இல்லை. தவிர, அதில் போஸ்ட் செய்ய, அதாவது தரவை முகவரியில் ஒட்டாமல் தனியாக அனுப்ப, முடியாது. முகவரியில் அடங்குவதுதான் அனுப்ப முடிந்தது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அந்த நீளம் 2083 எழுத்தோடு முடிந்துவிடும். நீளமான பில் ஒன்று அதற்குள் நிற்காது.

ஆக, கடைசியில் நின்றவை இரண்டுதான்.

மறைவான ஐஃப்ரேமைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஐஃப்ரேம் 1996-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3-லேயே வந்துவிட்டது. அதற்கும் முன்னால் ஃப்ரேம்செட்டில் ஒரு சட்டத்தின் உயரத்தைப் பூஜ்யமாக்கி இதே வேலையைச் செய்தவர்கள் உண்டு. வேலை செய்யும் விதம் பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவு: பக்கத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டம், படிவத்தின் டார்கெட்டை அந்தச் சட்டத்துக்குத் திருப்பிவிடு, சர்வர் ஒரு குட்டிப் பக்கம் அனுப்பும், அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட், தாய்ப் பக்கத்தின் ஃபங்ஷனை அழைத்து விலையைக் கொடுத்துவிடும். ஆக்டிவ்எக்ஸ் (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குள் ஓடும் விண்டோஸ் துணை நிரல்) வேண்டாம், தனி நூலகமும் வேண்டாம். 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தபோது அதன் தேடல் மறைவான ஐஃப்ரேமில்தான் ஓடியது. தேடல் ஒவ்வொன்றும் பிரவுசரின் வரலாற்றில் பதிவாகும் என்பதால் பேக் பட்டனும் ஒழுங்காக வேலை செய்தது. வரைபடத்துக்கு அது வரம்.

பில் திரைக்கு அதே குணம் வினையாக முடிந்தது. அந்தக் காலத்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில், கர்சர் எழுத்துப் பெட்டிக்கு வெளியே இருக்கும்போது பேக்ஸ்பேஸ் விசையைத் தட்டினால் ஒரு பக்கம் பின்னால் போகும். பக்கத்தில் சட்டம் இருந்து, அதற்கு வரலாறும் இருந்தால், பின்னால் போவது அந்தச் சட்டம்தான். திருப்பூரில் ஒருவர் ஏழாவது வரியில் இருந்தபடி பேக்ஸ்பேஸைத் தட்டினார். மறைந்திருந்த ஐஃப்ரேம் முந்தைய பதிலுக்குப் போனது. அந்தக் குட்டிப் பக்கம் மறுபடி ஓடியது. ஆறாவது வரிக்கு உரிய மருந்தின் விலையை ஏழாவது வரியில் கொண்டுபோய் வைத்தது. வாடிக்கையாளர் கவனித்துச் சொன்னதால்தான் எங்களுக்கே தெரிந்தது. தேடலை லொக்கேஷன் ரிப்ளேஸ் முறைக்கு மாற்றியதும் வரலாற்றில் பதிவாவது நின்றது. சரி, இது திருத்தக்கூடிய குறைதான். இதற்காக மட்டும் ஐஃப்ரேமை விட்டிருக்க மாட்டோம்.

நாங்கள் விட்டதற்குக் காரணம் வேறு: ஐஃப்ரேமில் ஒன்று தோற்றால், தோற்றது என்பதே பக்கத்துக்குத் தெரியாது.

வெற்றி வந்தால் எல்லா வழியும் ஒன்றுதான். விலை வந்து உட்காரும், அடுத்த வரிக்குப் போகலாம். கிளைகளின் இணைப்போ அடிக்கடி அறுபடும். சில நாட்களில் சர்வரில் எங்கள் நிரலே விழுந்துவிடும். அப்போது ஐஃப்ரேமுக்குள் சர்வரின் பிழைப் பக்கம் வந்து நிற்கும். நாம் அதை மறைத்து வைத்திருக்கிறோம் இல்லையா, அதனால் யார் கண்ணிலும் படாது. ஏறி முடிந்தது என்று சொல்லும் ஆன்லோட் நிகழ்வு அப்போதும் வரும். நல்ல பதிலுக்கு வருவது போலவே வரும். கோரிக்கை என்ன ஆனது என்று சர்வர் சொல்லும் ஸ்டேட்டஸ் எண்ணைக் கேட்டு வாங்க ஐஃப்ரேமில் வழியே கிடையாது. இணைப்பே அறுந்திருந்தால் பிரவுசர் தன் சொந்தப் பிழைப் பக்கத்தை உள்ளே போட்டுவிடும். அதை எட்டிப் பார்க்கப் போனால் அனுமதி இல்லை என்று ஸ்கிரிப்ட் நின்றுவிடும். டைமர் வைத்தோம்: 15 விநாடிக்குள் பதில் வராவிட்டால் 'பதில் இல்லை' என்று காட்டு. இணைப்பு அறுந்ததா, சர்வர் விழுந்ததா, மெதுவாக வந்துகொண்டிருக்கிறதா என்பதை அந்த டைமர் பிரித்துச் சொல்லாது. மூன்றுக்கும் ஒரே வாசகம்தான்.

கிளையிலிருந்து ஃபோன் வரும்: "சார், பில் நிக்குது." எங்கே நிற்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சர்வர் பதிவேட்டைத் திறந்து, அவர் சொன்ன நேரத்தை வைத்துத் தேடுவேன். கோரிக்கை வந்து சேரவே இல்லை என்றால் பதிவேட்டில் ஒன்றும் இருக்காது. அதற்குள் அவர் சேமி பட்டனை இன்னொரு தடவை அழுத்தியிருப்பார். ஒரே பில் இரண்டாகப் பதிவாகிக் கையிருப்பு இரட்டிப்பாகக் குறைந்திருக்கும். மாதக் கடைசியில் அதைத் தேடிப் பிடித்து நேராக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதலில் எழுதியதற்குச் செலவான நேரத்தைவிட இந்தத் தேடலுக்கு அதிக நேரம் போனது.

எக்ஸ்எச்ஆர் அப்போதே புதிய சரக்கு இல்லை. எக்ஸ்சேஞ்ச் சர்வரின் அவுட்லுக் வெப் ஆக்ஸஸுக்காக மைக்ரோசாஃப்ட்டில் எழுதப்பட்டு, 1999 மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-உடன் வெளியானது. எம்எஸ்எக்ஸ்எம்எல் என்ற மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்எம்எல் நூலகத்தோடு சேர்த்து அனுப்பினால்தான் உள்ளே நுழைக்க முடியும் என்பதால் பெயரில் எக்ஸ்எம்எல் ஒட்டிக்கொண்டது. மற்றபடி வெறும் எழுத்தையும் அது வாங்கித் தரும். பிறகு மொஸில்லாவும் தன் பிரவுசரில் சேர்த்தது. சஃபாரி 1.2-இல் 2004-இலும், ஓபெரா 8-இல் 2005-இலும் வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று வந்த ஜிமெயிலைப் பார்த்துத்தான் எங்களைப் போன்ற பலருக்கு ஆசையே பிறந்தது. 2005 பிப்ரவரி 18 அன்று ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் தன் கட்டுரையில் இதற்கு ஏஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயர் வந்த பிறகு கடைக்காரரிடம் எடுத்துச் சொல்லவும் வசதியாகிவிட்டது.

எங்களுக்கு அதில் கிடைத்த பெரிய லாபம் ஒரே ஒரு எண். பதில் முடிந்ததும் ஸ்டேட்டஸைக் கேட்கலாம். 200 என்றால் நல்லது. 500 என்றால் எங்கள் நிரலில் கோளாறு. இணைப்பே கிடைக்காவிட்டால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் விண்டோஸின் சொந்த எண்களைக் கொடுக்கும்: 12007 என்றால் சர்வரின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை, 12029 என்றால் தொடர்பு கொள்ள முடியவில்லை, 12031 என்றால் நடுவில் அறுந்தது. ஃபயர்ஃபாக்ஸில் இணைப்பு அறுந்த பிறகு ஸ்டேட்டஸைக் கேட்டால் எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை) வீசும். அதைப் பிடித்து நாமே ஒரு எண் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த எண்ணைத் திரையின் மேலே சிவப்பில் பெரிதாகக் காட்டினோம்.

அதற்குப் பிறகு வந்த ஃபோன், "சார், 12007 வருது" என்று ஆரம்பித்தது. மோடத்தை அணைத்துப் போடச் சொல்வேன். 500 என்றால் கேள்வியே வேண்டாம், நான் உட்கார்ந்து பார்க்க வேண்டியது. சில மாதங்களில் கிளைக்காரர்களுக்கே பழகிவிட்டது. 12 ஆயிரத்தில் தொடங்கினால் மோடம், 500 என்றால் கோவைக்கு ஃபோன். பராமரிப்பு என்று சொல்கிறோமே, எங்களுக்கு அதன் முக்கால் பங்கு இதுதான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 12031 வந்தால் பில் சேரவில்லை என்று அர்த்தமில்லை. சர்வர் பில்லைச் சேமித்துவிட்டு, பதில் திரும்பும் வழியில் அறுந்திருக்கலாம். 'தெரியவில்லை' என்பதை மட்டும்தான் எக்ஸ்எச்ஆர் தெளிவாகச் சொல்லும். அதனால் பில் திரை திறக்கும்போதே சர்வரிடமிருந்து ஒரு தனி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டோம். அதே எண்ணோடு இரண்டாவது தடவை சேமிக்க வந்தால், சர்வர் புதிதாக எழுதாமல் முதலில் எழுதிய பில்லையே திருப்பிக் கொடுக்கும். இரட்டை பில் அதோடு நின்றது. இந்த ஏற்பாட்டை ஐஃப்ரேமிலும் செய்திருக்கலாம், உண்மைதான். எப்போது மறுபடி அனுப்ப வேண்டும் என்பது ஐஃப்ரேமுக்குத் தெரியாது. எக்ஸ்எச்ஆரில், அறுந்தது தெரிந்ததும் அதே எண்ணோடு நிரலே மறுபடி அனுப்பிவிடும். மிக மெதுவாகப் போனால் பழைய கோரிக்கையை அபார்ட் செய்து நிறுத்திவிட்டு அனுப்பும். பில் போடுபவர் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

எக்ஸ்எச்ஆர் கேட்ட விலையையும் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-இல் அது ஆக்டிவ்எக்ஸ் பொருள். ஒரு கிளையில் கணினி பார்த்துக்கொடுத்தவர் பாதுகாப்புக்காக ஆக்டிவ்எக்ஸை அணைத்துவிட்டுப் போக, பில் திரை முழுக்கப் படுத்துவிட்டது. 2006 அக்டோபரில் பதிப்பு 7 வந்து, எக்ஸ்எச்ஆர் பிரவுசரின் சொந்தப் பொருளான பிறகுதான் அந்தப் பயம் போனது. இன்னொன்று, எல்லாவற்றையும் முகவரியிலேயே வைத்துக் கேட்கும் கெட் முறையில் ஒரே முகவரியை இரண்டு தடவை கேட்டால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சர்வருக்கே போகாமல் தன் கேஷிலிருந்து பழைய கையிருப்பை எடுத்து நீட்டும். முகவரியின் வாலில் நேரத்தை ஒட்டி அனுப்பித் தப்பித்தோம். செஷன் முடிந்திருந்தால் சர்வர் லாகின் பக்கத்துக்குத் திருப்பும். எக்ஸ்எச்ஆர் சத்தமில்லாமல் பின்னாலேயே போய், லாகின் பக்கத்தை 200 என்று சொல்லிக் கொண்டுவந்து கொடுக்கும். எண்ணை நம்பியிருந்த எங்களுக்கு அது பெரிய ஓட்டை. லாகின் பக்கத்தின் ஹெடரில் (பதிலோடு தலைப்பாக வரும் தகவல் வரிகளில்) ஒரு குறி வைத்து, அதைப் படித்துப் பார்த்துச் சமாளித்தோம். ஹெடரைப் படிக்க முடிந்ததே எக்ஸ்எச்ஆர் என்பதால்தான்.

தமிழ் எழுத்து விஷயத்தில் ஐஃப்ரேம்தான் முதலில் கைகொடுத்தது. கடையின் பழைய வாடிக்கையாளர் பெயர்கள் 1999-இல் தமிழக அரசு ஏற்ற டேப் குறியாக்கத்தில் இருந்தன. எழுத்துரு இருந்தால் ஐஃப்ரேமில் அவை அப்படியே தெரியும். எக்ஸ்எச்ஆரில், ஹெடரில் குறியாக்கம் சொல்லாவிட்டால் பதிலை யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கம் என்றே எடுத்துக்கொள்ளும். பெயர்கள் சிதைந்து வந்தன. அனுப்பும்போது பழைய எஸ்கேப் ஃபங்ஷனைப் பயன்படுத்தியதும் தப்பு. தமிழ் எழுத்தை அது எங்கள் சர்வருக்குப் புரியாத வடிவத்தில் மாற்றியது. என்கோட்யூஆர்ஐகாம்பொனென்டுக்கு மாறி, பெயர்களையெல்லாம் யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். பத்து நாள் வேலை. என்றைக்காவது செய்தே ஆக வேண்டிய வேலை என்பதால் இதை எக்ஸ்எச்ஆரின் கணக்கில் முழுதாக எழுத மாட்டேன்.

எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் ஒரே ஒரு ஐஃப்ரேம் அந்த மென்பொருளில் தங்கியது. மருந்து நிறுவனங்கள் அனுப்பும் விலைப்பட்டியல் கோப்பை ஏற்றும் திரை அது. அன்றைய எக்ஸ்எச்ஆரால் கோப்பை ஏற்ற முடியாது. அதற்கு வழி செய்த ஃபார்ம்டேட்டா என்ற வசதி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2012-இல் பதிப்பு 10-இல்தான் வந்தது. கடையில் பழைய கணினிகள் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடின. தம்பி அன்றைக்கு மாற்றி எழுதியது அந்தத் திரையைத்தான்.