காந்தமா, கடிகாரமா: சர்க்குலேட்டருக்கு எது தேவலை?

ஒரே ஆன்டெனாவில், ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் வேண்டுமென்றால் சர்க்குலேட்டர் தேவை. ரவுண்டானா மாதிரிதான்: வாயில் 1-இல் (டிரான்ஸ்மிட்டர்) நுழைந்த அலை 2-இல் (ஆன்டெனா) வெளியேறும், 2-இல் நுழைந்தது 3-இல் (ரிசீவர்) வெளியேறும். வந்த வழியே திரும்ப முடியாது. வெறும் செம்பையும் மின்தேக்கியையும் வைத்து இதைக் கட்ட முடியாது. அவை இரு திசைகளையும் ஒன்றுபோலவே நடத்தும். அந்தச் சமச்சீரை உடைக்க ஏதாவது வேண்டும்.

பழைய வழி, காந்தம் வைத்த ஃபெரைட், அதாவது இரும்பு ஆக்சைடு கலந்த பீங்கான். பெல் ஆய்வகத்தில் ஹோகன் 1952-இல் மைக்ரோவேவில் செய்து காட்டியது. காந்தப்புலத்தில் எலக்ட்ரான் சுழற்சிகள் ஒரே பக்கமாகத்தான் தலையாட்டும். அதனால் வலம் சுற்றும் அலைக்கும் இடம் சுற்றும் அலைக்கும் வேகம் வேறாகி, மூன்றாவது வாயிலில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இழப்பு அரை டெசிபெல்லுக்குள் அடங்கும். மின்சாரம் தேவையில்லை, ரேடாரின் பெரிய திறனையும் தாங்கும். ஆனால் சிலிக்கான் சிப்புக்குள் நுழையாது.

புதிய வழி, கடிகாரம்: சிப்பிலுள்ள சுவிட்சுகளைத் தாளம் தப்பாமல் தட்டும் மின்துடிப்பு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணசாமியின் குழு 2016-இல் 750 மெகாஹெர்ட்ஸில் செய்தது இது. மின்தேக்கி வரிசையின் இருபுறமும் உள்ள சுவிட்சுகளைச் சற்று முன்பின்னாகத் தட்டினால், ஒரு திசையில் போகும் அலையின் கட்டம் (ஏற்ற இறக்கத்தில் அது நிற்கும் இடம்) 90 டிகிரி கூடும், எதிர்த்திசையில் 90 குறையும். அதோடு முக்கால் அலைநீளக் கம்பியை வளையமாகச் சேர்த்தால் ஒரு திசைச் சுற்று மட்டும் பொருந்திப்போகும். அழகான யோசனை, காந்தமே இல்லை! விலையும் உண்டு. இழப்பு சுமார் 1.7 டெசிபெல், அதாவது திறனில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது. கடிகாரம் ஓட மின்சாரம் வேறு. பெரிய சிக்னல் வந்தால் சுவிட்சுகள் திணறும்.

நேர்கோட்டு இயல்பற்ற பொருளை, அதாவது அலையின் பலத்துக்கேற்ப நடத்தை மாறும் பொருளை, வைத்துச் செய்வது மூன்றாவது வழி. பலமான அலை போகும்போது எதிர்த்திசையில் வரும் மெலிந்த அலையை அது தடுக்காது என்று 2015-இலேயே காட்டிவிட்டார்கள். இந்தப் போட்டியில் அதைச் சேர்க்க வேண்டாம்.

விற்பவர்கள் தூக்கிக் காட்டும் எண் தடுப்புத்திறன், அதாவது 1-இலிருந்து 3-க்கு நேரே கசிவதை எவ்வளவு தடுக்கிறது என்பது: 20 டெசிபெல், 40 டெசிபெல். நான் அதில் மயங்க மாட்டேன். ஆன்டெனாவே அனுப்பிய அலையில் 15 டெசிபெல் மட்டுமே குறைத்துத் திருப்பி அனுப்பினால், அது 2-ஆம் வாயில் வழியாக நேரே ரிசீவருக்குத்தான் போகும். அப்போது சர்க்குலேட்டர் 40 தந்தும் பயனில்லை. இழப்பையும் தாங்கும் திறனையும் முதலில் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் அடிப்படை நிலையம், ரேடார் இரண்டுக்கும் ஃபெரைட்தான். கையடக்கக் கருவியில் இடம்தான் பிரச்சினை. திறனும் குறைவு என்றால் கடிகாரச் சிப்பை எடுக்கலாம். குவாண்டம் கணினியில்தான் சிக்கல். அதன் அடிப்படை அலகான மீக்கடத்திக் குயூபிட்டுக்குக் காந்தம் ஆகாது. சுவிட்சுகளின் வெப்பமோ 20 மில்லிகெல்வின் குளிருக்கு ஆகாது. அதனால் அங்கே இப்போதும் ஃபெரைட்டையே காந்தக் கவசத்துக்குள் அடைத்துத் தொங்கவிடுகிறார்கள்.