புது ரெட்ரோ கன்சோல்: மண்டபத்திலிருந்து என் சந்தேகங்கள்

பழைய கேம்கள் ஆடுவதற்கென்றே விற்கும் கையடக்க கன்சோல் ஒன்றை, கடலோர ஊரான மண்டபத்தில் நெடுநாளாக வைத்திருக்கிறேன். மூன்றரை அங்குலத் திரை, 640×480 புள்ளிகள். இப்போது இதே வகையில் புதிதாக ஒன்று வருகிறதாம். பிளேஸ்டேஷன் 2 கேம்கள் வரை ஓடும் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

என்னிடம் இருப்பதில் என்இஎஸ், கேம்பாய், முதல் பிளேஸ்டேஷன் போன்ற பழைய மெஷின்களின் கேம்கள் எல்லாம் குறையில்லாமல் ஓடுகின்றன. 1996இல் வந்த நிண்டெண்டோ 64 வந்தால்தான் திணறல். சத்தம் விட்டு விட்டு வரும். பிளேஸ்டேஷன் 2 இன்னும் சிக்கலானது. முக்கிய சிப், அதோடு கணக்குப் போடும் இரண்டு வெக்டர் யூனிட், தனி கிராஃபிக்ஸ் சிப் எல்லாம் ஒரே சமயத்தில் வேலை பார்க்கும். பழைய மெஷினைப் போலவே நடந்து கேமை ஓட்டும் மென்பொருளான எமுலேட்டர் அத்தனையையும் நேரம் பிசகாமல் செய்தாக வேண்டும். அதனால்தான் அந்த மெஷினைவிடப் பல மடங்கு வேகமான சிப்பும் சில கேம்களில் மூச்சு வாங்குகிறது. விளம்பரத்தில் மெனுவையும் ஒரு லேசான காட்சியையும் காட்டினால் போதாது. கூட்டமான சண்டைக் கட்டத்தை அரை மணி நேரம் ஆடிக் காட்டட்டும்.

வேகத்தைவிட எனக்குத் திரைதான் முக்கியம். கேம்பாய் படம் 160×144; மூன்று மடங்காக்கினால் என் திரையில் சுத்தமாக உட்காரும். கேம்பாய் அட்வான்ஸ் 240×160. அதைத் திரை அகலத்துக்கு இழுத்தால் முழு மடங்கு வராது. சில புள்ளி தடித்தும் சில மெலிந்தும் விழ, படம் நகரும்போது எழுத்து நெளியும். 720×480 திரை என்றால் கச்சிதமாக மூன்று மடங்கு. புதியதில் அப்படி ஒரு திரை வைத்தால் மனசார வரவேற்பேன்.

அப்புறம், உப்புக்காற்று. இங்கே இதுதான் பெரிய பரீட்சை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலோரம் வைத்த எதுவும் தப்பாது. என் கன்சோலில் முதலில் போனது சார்ஜ் போர்ட்: உள்ளே பச்சை பூத்து, கேபிளை அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறியது. அடுத்து பி பட்டன். கழற்றிப் பார்த்தால் ரப்பர் பேடுக்கும் போர்டுக்கும் நடுவே பிசுபிசுப்பாக ஒரு படலம். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்ததும் சரியானது. இப்போது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவில்தான் வைக்கிறேன். புது மாடலின் உதிரி போர்ட், ரப்பர் பேட் எங்கே கிடைக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை.

இந்த வகைக் கன்சோல்களோடு வரும் மெமரி கார்டையும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் மட்டமான கார்டு, அதில் உரிமையில்லாத கேம் நகல்கள். நல்ல கார்டு தனியாக வாங்கிப் போடுங்கள்.

"வாங்கலாமா சித்தப்பா?" என்று அண்ணன் மகன் தினமும் கேட்கிறான். "இப்ப வேண்டாம்டா. கடலோரத்துல இருக்கிற யாராவது ஒரு கச்சான் காலம் முழுக்க வச்சு ஆடிட்டுச் சொல்லட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றேன்.