சாலையில் நிற்கும் வான்கோ: பேக்கன் ஓவியத்தின் அச்சுப் பிரதி பற்றி

லண்டன் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ள, பிரிட்டிஷ் ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் ‘வான்கோ உருவப்படத்துக்கான ஆய்வு – 4’ என்னும் 1957ஆம் ஆண்டு ஓவியத்தின் பிரதியை, ஓவிய அச்சுகளை விற்கும் ஓர் இணையக் கடையில், பளபளப்பற்ற பருத்தித் தாளில் வாங்கினேன். அச்சுப் பிரதி வாங்குவோர் பெரும்பாலும் நிறம் பொருந்துகிறதா என்பதையே பார்ப்பார்கள். இந்த ஓவியத்துக்கு அது போதாது. ஏனெனில் இதுவே ஓர் அச்சுப் படத்திலிருந்து பிறந்த ஓவியம்.

1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் வாழ்ந்தபோது டச்சு ஓவியர் வான்கோ, வைக்கோல் தொப்பியும் தோள் நிறைய ஓவியச் சாமான்களுமாகத் தாராஸ்கோன் சாலையில் நடந்து செல்லும் தம்மையே வரைந்தார். ஜெர்மனியின் மாக்டபர்க் அருங்காட்சியகத்தில் இருந்த அந்தப் படம் இரண்டாம் உலகப் போரின்போது தீக்கிரையானதாகக் கருதப்படுகிறது. பேக்கன் எடுத்துக்கொண்டது அதன் அச்சுப் படத்தைத்தான். வான்கோவும் 1889, 1890 ஆண்டுகளில் செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபடி, மில்லே, டெலக்ரோவா ஆகிய பிரெஞ்சு ஓவியர்களின் படைப்புகளை நிறமற்ற அச்சுகளைப் பார்த்துத் தம் வண்ணங்களில் மீண்டும் தீட்டியவர் என்பதை நினைத்தால், முன்னோடியை நெருங்கும் வழியிலேயே இருவரும் உறவினராகிவிடுகிறார்கள். பேக்கன் எந்த ஓவியப் பள்ளியிலும் பயிலாதவர். வான்கோவும் பெரும்பாலும் தாமே கற்றுக்கொண்டவர்.

பழைய ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த போப்பாண்டவரைப் பேக்கன் எடுத்தாண்டபோது, அவரைக் கூண்டு போன்ற கோடுகளுக்குள் அமர்த்தி அலறவிட்டார். வான்கோவிடம் அவர் அப்படி நடந்துகொள்ளவில்லை. அடையாளம் காட்டும் முகச்சாயலைத் தேடாமல், தொப்பிக்குக் கீழே முகத்தை இருளவிட்டு, தமக்கு வழக்கமில்லாத கெட்டியான வண்ணப்பூச்சை, அதாவது வான்கோவின் கைவழக்கத்தையே, தாம் ஏற்றுக்கொண்டார். உடலும் சாலையும் நிழலும் ஒரே வண்ணக்குழம்பிலிருந்து எழுந்தவை போல் தோன்றுவதைத்தான் நான் ஆன்ம உறவு என்கிறேன்; மரியாதைக்காக வரையப்படும் உருவப்படங்களில் இந்தத் துணிவைக் காண்பது அரிது. 1957 மார்ச்சில் லண்டன் ஹானோவர் கேலரியில் வான்கோவைப் பற்றிய பேக்கனின் இவ்வரிசைப் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, சிலவற்றில் வண்ணம் காய்ந்திருக்கவில்லை என்பார்கள். அந்த அவசரம் தூரிகைத் தடங்களில் இன்றும் தெரிகிறது.

ஆகவே பிரதியில் நான் முதலில் தேடியது அந்தத் தடங்களைத்தான். மேடும் பள்ளமுமான பூச்சின் மீது விழுந்த ஒளி அச்சிலும் தெளிவாகப் பதிந்திருப்பதால், தூரிகை எந்தத் திசையில் இழுக்கப்பட்டது, எங்கே நின்றது என்பதை அருகில் இருந்து பின்தொடர முடிகிறது. மையின் தரத்துக்கும் தாளின் கனத்துக்கும் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிவப்பு சற்றுக் கருத்துவிட்டது; அதைவிட வருத்தம் தருவது, சட்டத்துக்குப் பொருந்துவதற்காகக் கீழ்விளிம்பைச் சிறிது வெட்டியிருப்பது. சாலையின் மீது ஒருவர் நிற்பதே பொருளாக இருக்கும் ஓவியத்தில் தரையைக் குறைப்பது அவர் நிற்கும் இடத்தைக் குறைப்பதாகும். வாங்கும்போதே முழுப்படமும் வெள்ளை விளிம்போடு வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, மூலம் 152.4 செ.மீ. உயரமும் 116.8 செ.மீ. அகலமும் கொண்டது; என் பிரதியின் உயரம் 60 செ.மீ. மட்டுமே. வீட்டுச் சுவருக்கு இது போதும் என்றாலும், எதிரில் ஓர் ஆள் நிற்பதாக உணர இயலவில்லை. இடமும் பணமும் இருந்தால் பெரிய அளவையே தேர்ந்தெடுக்கலாம். கித்தானில் (கேன்வாஸ் துணியில்) அச்சிட்ட வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் இயந்திர இழையமைப்பு பேக்கனின் தூரிகைத் தடத்தோடு மோதுகிறது. தாளில் வாங்கிக் கண்ணாடியிட்டு மாட்டுவது நல்லது. பேக்கனும் தம் ஓவியங்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதையே விரும்பினார்.