கிரண்காவ்: மில் போன பிறகு குடியிருக்க மூன்று வழி

மும்பை லோயர் பரேலில் வீடு விற்பவர்கள் அந்த இடத்துக்கு 'அப்பர் வொர்லி' என்று ஒரு பெயரைப் புழங்கவிட்டார்கள். அப்படி ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது. பரேல் என்றாலே மில், சங்கு, பஞ்சுத்தூசி. கோடியில் விலை சொல்ல அந்தப் பெயர் தோதாக இல்லை, அவ்வளவுதான். பரேல், லால்பாக், வொர்லி, நாய்காவ், சிவ்ரி, பைக்குலா எல்லாம் சேர்ந்த இந்தப் பகுதியை மராத்தியில் கிரண்காவ் என்பார்கள். மில் ஊர் என்று பொருள். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. சுமார் 600 ஏக்கர் நிலம் மிஞ்சியது.

அங்கே வேலை செய்த, குடியிருந்த குடும்பங்களுக்கு இன்று மூன்று வழிகள் உண்டு: மில் தொழிலாளர்களுக்கு அரசு குலுக்கலில் தரும் வீடு, பி.டி.டி. சால் (ஒற்றை அறைகள் வரிசையாக அமைந்த பழைய குடியிருப்பு) மறுகட்டுமானம், தனியார் பில்டரோடு பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவது. மூன்றும் எல்லோருக்கும் திறந்திருக்காது. ஆனால் அப்பா மில்லில் இருந்தவர், குடும்பம் இருப்பது சாலில் என்றால் இரண்டு கதவுகள் திறந்திருக்கும். எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்வி 'எத்தனை சதுர அடி' என்பதுதான். அதை மூன்றாவதாகக் கேட்பதே நல்லது. எல்லோரும் சேர்ந்து அதே இடத்துக்குத் திரும்புகிறோமா என்பது முதல் கேள்வி. மாதச் செலவு என்ன என்பது இரண்டாவது.

முதலில் சால் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் எதை இழக்கிறோம் என்பது புரியாது. பம்பாய் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட் 1920களில் கட்டிய பி.டி.டி. சால்கள் மொத்தம் 207. வொர்லியில் 121, நாய்காவில் 42, என்.எம். ஜோஷி சாலையில் 32, சிவ்ரியில் 12. தரைத்தளமும் மூன்று மாடியும், மாடிக்கு 20 அறைகள், அறை ஒன்று 160 சதுர அடி, கழிப்பறை பொது. வசதி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறைகளை ஒட்டி ஓடும் பொது நடை இருக்கிறதே, அதுதான் உண்மையில் கூடம். அப்பளம் காய்வது, பிள்ளைகள் படிப்பது, தனியாக இருக்கும் கிழவியை எதிர் அறைக்காரி ஒரு கண் பார்த்துக்கொள்வது எல்லாம் அங்கேதான். கொங்கணத்திலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் தனியாக வந்த ஆண்கள் ஷிஃப்ட் முறையில் ஒரே அறையில் தூங்கினார்கள், கானாவளில் மாதக் கணக்கில் சாப்பிட்டார்கள். கானாவள் என்றால் பெண்கள் வீட்டிலேயே சமைத்துப் போடும் மெஸ். அந்தப் பெண்கள் வட்டிக்காரனிடமிருந்து மீள 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டல் உருவானது. இந்த நடை எந்த ஒப்பந்தத்திலும் கார்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பில், சேராது. 160 சதுர அடி 500 ஆகிறது என்று பேசும்போது, கழிந்துபோகும் நடையைக் கணக்கில் யாரும் காட்டுவதில்லை.

குலுக்கல் வீடு

குலுக்கலில் வீடுகள் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்குக் காரணம் ஒரு விதித் திருத்தம். 1991 விதியின்படி மில் நிலத்தை மாற்றிக் கட்டினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு மாநில அரசின் வீட்டு வசதி அமைப்பான ம்ஹாடாவுக்கு வீடு கட்ட, மீதி உரிமையாளருக்கு. 2001இல் பங்கீட்டைக் காலி நிலத்துக்கு மட்டும் என்று மாற்றினார்கள். 15 ஏக்கர் மில் ஒன்றில் 12 ஏக்கரை ஷெட்டுகள் அடைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விதியில் ஆளுக்கு 5 ஏக்கர். புதிய விதியில் மிச்சமுள்ள 3 ஏக்கர்தான் பங்குக்கு வரும்: பூங்காவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, உரிமையாளருக்குப் பதின்மூன்று. 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. (1991 விதி பொற்காலம் என்றும் சொல்ல முடியாது. இடித்தால்தான் பங்கு தர வேண்டும் என்பதால், இடிக்காமல் உள்ளே மட்டும் மாற்றுவது லாபமாக இருந்தது. மால் நடுவே புகைபோக்கி அழகுப் பொருளாக நிற்பதெல்லாம் அந்தக் காலத்து வரவு.)

விளைவு: 2012 குலுக்கலில் 6,925 வீடுகள். விண்ணப்பித்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வீடு 225 சதுர அடி, விலை 7.5 லட்சம். 2020இல் 3,894 வீடுகள், விலை 9.5 லட்சம். 1982 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ மில் கணக்கில் பெயர் இருந்திருக்க வேண்டும். சான்றாக டிக்கெட் எண், லால் பாஸ், பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண், கிராஜுவிட்டி உத்தரவு போன்றவற்றில் ஒன்று வேண்டும். சிக்கல் வழக்கமாக இரண்டு இடத்தில் வரும். மில் பதிவேட்டில் பெயர் ஒருவிதம், ஆதாரில் வேறுவிதம்; மராத்திப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாவின் கைங்கரியம். அடுத்தது, தொழிலாளி இறந்திருந்தால் வாரிசுகளுக்குள் இணக்கம் இல்லாமல் கோப்பு அப்படியே படுத்துவிடும்.

குலுக்கலில் விழுந்தாலும் பக்கத்து அறைக்காரர் பக்கத்தில் வரமாட்டார். பன்வேல் அருகே கோன் என்ற இடத்தில் 2016இல் விழுந்த வீடுகள் பின்னால் கொரோனா தனிமை முகாமாகி, சேதமடைந்து, கைக்கு வரவே ஆண்டுகள் ஆயின. அடுத்து வாங்கணி, சேலு என்றார்கள். மும்பையிலிருந்து கர்ஜத் புறநகர் ரயில் லைனில் நெடுநேரம் போக வேண்டும். தொழிற்சங்கங்கள் எதிர்த்ததில் ஆச்சரியம் இல்லை. வீடு கிடைக்கிறது, ஊர் கிடைக்கவில்லை.

பி.டி.டி. மறுகட்டுமானம்

ஊர் ஒன்றாகத் திரும்பும் வழி இது ஒன்றுதான் என்பது எங்கள் முடிவு. 160 சதுர அடி வாடகை அறைக்குப் பதில் 500 சதுர அடி சொந்த வீடு, பணம் தர வேண்டாம், அதே வளாகம். கட்டி முடிக்கும்வரை தற்காலிகக் குடியிருப்பு அல்லது மாத வாடகைப் பணம். வொர்லியில் 40 மாடிக் கட்டடத்தின் முதல் 556 வீடுகளுக்கு 2025 ஆகஸ்டில் சாவி கொடுத்தார்கள்.

இதிலும் பார்க்க வேண்டியது மாதச் செலவு. லிஃப்ட், மோட்டார், தீயணைப்பு, காவலர் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 8 ரூபாய் என்று வைத்தால்கூட 500 சதுர அடிக்கு மாதம் 4,000. சாலில் வாடகையை நினைத்துப் பார்க்கவே தேவையில்லாமல் இருந்த குடும்பத்துக்கு இது பெரிய அடி. 8 சதவீத வட்டியில் இந்தத் தொகை வர வீட்டுக்கு 6 லட்சம் ரூபாய் வைப்பாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் சில ஆண்டுகளில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு டோம்பிவிலி போன்ற தூரத்துப் புறநகருக்குப் போகிற படலம் தொடங்கிவிடும். யாரும் விரட்டாமலே ஊர் காலியாகும்.

500 என்ற எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மும்பையில் 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 2022 முதல் சொத்து வரி இல்லை. 'இன்னும் 25 அடி கேளுங்கள்' என்று கூட்டத்தில் குரல் எழுப்புபவர்கள் இதை யோசிப்பது நல்லது.

தனியார் பில்டர்

செஸ் (பழுதுபார்ப்புக்கான வரி) கட்டும் பழைய கட்டடங்களுக்கு 51 சதவீத வாடகைதாரர் ஒப்புதல் போதும். சீக்கிரம் நடப்பதும் இதில்தான், நடுவில் நிற்பதும் இதில்தான். ஒரு வருடம் வாடகைப் பணம் ஒழுங்காக வரும், கட்டடம் இடிபடும், பிறகு காசோலை நிற்கும். காரணம் எளிது: விற்பனைக் கட்டடத்தில் ஃபிளாட் விற்ற காசில்தான் உங்கள் கட்டடம் எழும்புகிறது. சந்தை படுத்தால் முதலில் நிற்பது உங்கள் பக்கம். ஆகவே சங்கத்தோடு பொது ஒப்பந்தம் மட்டும் போதாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பதிவு செய்த தனி ஒப்பந்தம், வங்கி உத்தரவாதம், 'குடியிருப்போர் கட்டடம் முதலில்' என்ற வரி மூன்றும் வேண்டும். விற்பனைக் கட்டடத்துக்குத் தனி வாசல், தனி லாபி என்று வரைபடம் வந்தால் முற்றமும் அவர்கள் பக்கம் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

முற்றம் ஏன் முக்கியம் என்பதற்கு லால்பாக்கே சாட்சி. 1932இல் பேரு சால் சந்தை மூடப்பட்டபோது மீனவர்களும் வியாபாரிகளும் நிரந்தர இடம் வேண்டிக்கொண்டார்கள். இடம் கிடைத்தது. நேர்த்திக்கடனாக 1934இல் வைத்த பிள்ளையார்தான் இன்று நாடே பார்க்க வரும் லால்பாக்சா ராஜா. இடம் போனதில் பிறந்த சாமி. மண்டல், அதாவது பிள்ளையார் விழா நடத்தும் குழு, என்றால் பந்தல் மட்டும் இல்லை: மூர்த்தி நுழையும் உயரம், லேஜிம் என்ற சலங்கைக் கருவி ஆட்டத்துக்கு ஒரு வெளி, சாமான் போட ஓர் அறை, வசூலுக்குக் கதவு தட்ட அனுமதி. நான்காவது மாடிக்கு மேல் கதவு தட்டக் காவலாளியிடம் பெயர் எழுத வேண்டும் என்று ஆனதும் வசூல் படுக்கும்.

நம்மூரிலும் பெரம்பூர் பின்னி மில் நிலத்தில் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. 1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் தொழிற்சங்கம் கட்டிய இடம் அது. அங்கே மூன்றில் ஒரு பங்கு என்ற விதி இல்லை.

ஒப்புதல் தாளில் கையெழுத்து கேட்டு வருபவரிடம் தளவரைபடத்தை வாங்கிப் பாருங்கள். தரைத்தளம் முழுக்க கார் நிறுத்தும் போடியமாக இருந்தால், பிள்ளையார் எந்த வழியாக உள்ளே வருவார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.